உள்ளரங்கப் பொசிஷனிங் சர்வேக்கு முன் போனின் சென்சார்களைத் தயார் செய்வது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மூன்று மாடிக் கட்டடம், உள்ளே ஜிபிஎஸ் எடுக்காது. அதனால் வைஃபை சிக்னலையும் காந்தப்புலத்தையும் வைத்து மேப் தயாரிக்க ஒரு ஆண்ட்ராய்டு போனோடு சர்வே நடந்திருக்கிறீர்கள். செயலி காலிபரேட் செய்யச் சொன்னது, அதாவது சென்சாரின் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னது, போனைக் காற்றில் 8 வடிவில் ஆட்டி எட்டுப் போட்டீர்கள், பச்சை டிக் வந்தது, எல்லா வராந்தாவிலும் நடந்து முடித்தீர்கள். பிறகு சோதித்துப் பார்த்தால் நீலப் புள்ளி பக்கத்து அறையில் நிற்கிறது, சில இடங்களில் மாடியே மாறிவிடுகிறது. சென்சாரை இதற்கு மேல் எப்படித் தயார் செய்வது என்று கேட்கிறீர்கள்.

எட்டுப் போடுவது காந்த சென்சாருக்கு மட்டும்தான். சர்வேயில் அதோடு ஆக்சிலரோமீட்டர் (அசைவையும் ஈர்ப்புத் திசையையும் அளப்பது), கைரோஸ்கோப் (திரும்புவதை அளப்பது), பாரோமீட்டர் (காற்றழுத்தத்தை அளப்பது), வைஃபை ரேடியோ, ப்ளூடூத் ரேடியோ எல்லாம் சேர்ந்து ஓடுகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் கெடும், ஆனால் எதுவுமே "நான் தப்பாக அளக்கிறேன்" என்று சொல்லாது, எண் பாட்டுக்கு வந்துகொண்டே இருக்கும். அதனால் பச்சை டிக்கை நம்பாமல் ஒவ்வொரு சென்சாரையும் எண்ணைப் பார்த்துச் சோதிக்கப் பழகிக்கொள்ளுங்கள். இன்னொன்று, சர்வேக்குத் துல்லியத்தைவிட மாறாமல் இருப்பது முக்கியம். ஒரு போன் வைஃபை சிக்னலின் பலத்தை எப்போதும் 4 டெசிபல் குறைவாகவே காட்டினால் கணக்கில் சரிசெய்துவிடலாம். கீழ்த்தளத்தில் ஒரு மாதிரியும் மேலே போனதும் இன்னொரு மாதிரியும் காட்டினால், எது கட்டடத்தின் குணம், எது போனின் கோளாறு என்று பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. கீழே சொல்வது எல்லாமே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

சென்சார் எண்களை நேரடியாகப் பார்க்க ஒரு செயலி வேண்டும். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபைபாக்ஸ் இதற்குப் போதும், ஆண்ட்ராய்டு ஐபோன் இரண்டிலும் ஓடும். சாம்சங் போன் என்றால் டயலரில் *#0*# அடித்தால் வரும் சோதனைப் பக்கத்திலும் சென்சார் விவரங்கள் இருக்கும்.

முதல் வேலை, போனை வெறும் போனாக ஆக்குவது. கவர், பின்னால் ஒட்டிய மோதிரம், கார் ஸ்டாண்டுக்காக வைத்த இரும்புத் தகடு, கார்டு வைக்கும் பை எல்லாவற்றையும் கழற்றுங்கள். மூடி போட்ட கவர்களில் மூடியைப் பிடித்து வைக்கச் சின்னக் காந்தம் இருக்கும், மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் போனைச் சுற்றியுள்ள புலம் மாறும். ஐபோன் 12 வந்த 2020-லிருந்து பெரும்பாலான ஐபோன்களின் முதுகிலேயே மேக்சேஃப் காந்த வளையம் வைத்து வருகிறார்கள். அது நிலையாக ஓரிடத்தில் இருப்பதால் காலிபரேஷன் சமாளித்துவிடும், ஆனால் அதன்மேல் ஒட்டும் சமாச்சாரங்கள் ஒட்டுவதும் கழல்வதுமாக இருந்தால் அம்போதான். கவரோடுதான் சர்வே என்றால் கவரோடுதான் காலிபரேஷனும், நடுவில் கழற்றக் கூடாது. போனைப் பிடிக்கும் கையில் காந்தப் பட்டை போட்ட வாட்ச் வேண்டாம். பவர்பேங்க்கைப் போனோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பதும் வேண்டாம், அதற்குள் இருக்கும் செல்களின் கூடு இரும்பாக இருக்கலாம். சார்ஜ் முந்தின இரவே முழுதாக ஏறியிருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது போனுக்குள் ஓடும் மின்னோட்டமே காந்த அளவை நகர்த்தும், சூடும் ஏறும், சூடு கைரோவைக் கெடுக்கும்.

சரி, காந்த சென்சாருக்கு வருவோம். இங்கே தகராறுக்கு இடம் நிறைய, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பூமியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து ஏறக்குறைய 25 முதல் 65 மைக்ரோடெஸ்லா. கட்டடத்துக்குள் இரும்புத் தூண், கான்கிரீட் கம்பி, லிஃப்ட் எல்லாம் அதை அங்கங்கே சில மைக்ரோடெஸ்லாவிலிருந்து பத்து இருபது வரை மேலும் கீழும் வளைக்கின்றன. அந்த வளைவுதான் உங்கள் மேப். இப்போது போனுக்குள்ளேயே ஸ்பீக்கர் காந்தம், கேமராவின் ஃபோகஸ் மோட்டார், இரும்புத் திருகு எல்லாம் இருக்கின்றன. இவை சேர்த்துத் தரும் நிலையான கூடுதல், பூமியின் புலத்தைவிடப் பல மடங்குகூட இருக்கலாம். காலிபரேஷன் என்பது அந்தக் கூடுதலைக் கண்டுபிடித்துக் கழிப்பது. கழிப்பதில் 10 மைக்ரோடெஸ்லா தவறினாலே, தவறும் மேப்பும் ஒரே அளவுக்கு வந்துவிடுகின்றன.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எட்டை ஏன், எப்படிப் போட வேண்டும் என்பதும் புரிந்துவிடும். ஒரே இடத்தில் நின்று போனை எல்லாத் திசையிலும் திருப்பினால், சரியான சென்சார் தரும் மூன்று அச்சு எண்கள் ஒரு கோளத்தின் மேற்பரப்பில் விழ வேண்டும், கோளத்தின் மையம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். போனுக்குள் காந்தம் இருந்தால் மையம் நகரும். காந்தமாகாத இரும்பு பக்கத்தில் இருந்தால் கோளம் முட்டை வடிவத்துக்கு நசுங்கும். புள்ளிகளை வைத்து மென்பொருள் மையத்தைக் கணக்கிடுகிறது. பலரும் போனைத் தரைக்குச் சமமாகவே பிடித்துக்கொண்டு காற்றில் எட்டு வரைகிறார்கள், அப்படிச் செய்தால் கோளத்தில் ஒரு வளையம் மட்டும்தான் நிரம்பும், மேலும் கீழும் மையம் எங்கே என்று மென்பொருளுக்குத் தெரியவே தெரியாது. மணிக்கட்டைச் சுழற்றுங்கள். திரை வானம் பார்க்கட்டும், தரை பார்க்கட்டும், போன் நிமிர்ந்து நிற்கட்டும், தலைகீழாகட்டும், பக்கவாட்டில் சாயட்டும். மூன்று அச்சிலும் இரண்டிரண்டு முழுச் சுற்று, அவசரமில்லாமல். எட்டு வடிவத்தின் மேல் எனக்குத் தனி மரியாதை கிடையாது, கோளம் நிரம்பினால் எந்த வடிவமும் சரிதான்.

எங்கே நின்று செய்வது என்பதற்கு யாருமே முக்கியத்துவம் கொடுப்பதில்லை. சர்வே செய்யப் போகும் கட்டடத்தின் வாசலிலேயே, கண்ணாடிக் கதவின் இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்று எட்டுப் போட்டால், கையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தும்போதே புலம் மாறிவிடும், மென்பொருளுக்கு அது தெரியாது, தவறான மையத்தை நம்பிக்கையோடு எழுதிக்கொள்ளும். வெளியே வாருங்கள். கார், கிரில், சாக்கடை மூடி, கம்பி வேலி எல்லாவற்றிலிருந்தும் பல மீட்டர் தள்ளி, முடிந்தால் மண் தரையில் நில்லுங்கள். கான்கிரீட் தளத்துக்குள் கம்பி ஓடும், அதனால் போன் மார்பு உயரத்தில் இருப்பது நல்லது.

செய்து முடித்த பிறகு சோதிக்க வேண்டும், இதுதான் நான் முதலில் சொன்ன எண்ணைப் பார்க்கும் வேலை. அதே இடத்தில் நின்று, மூன்று அச்சும் சேர்ந்த மொத்த அளவை மட்டும் திரையில் வைத்துக்கொண்டு போனை மெதுவாக எல்லாப் பக்கமும் திருப்புங்கள். மொத்த அளவு மாறக் கூடாது. ஒன்றிரண்டு மைக்ரோடெஸ்லா ஆடினால் பரவாயில்லை, ஐந்துக்கு மேல் ஆடினால் மறுபடி செய்யுங்கள். திருப்பும்போது போனின் மேல்முனை ஓரிடத்தில் நிற்பதுபோலத் திருப்புங்கள், பெரும்பாலான போன்களில் காந்த சென்சார் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. வந்த எண் அந்த ஊருக்கான பூமிப் புலத்தின் அளவோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள், உலகக் காந்த மாதிரியை வைத்து எந்த இடத்துக்கும் அளவு சொல்லும் கணிப்பான்கள் இணையத்தில் கிடைக்கின்றன. 42 வர வேண்டிய இடத்தில் 60 வந்தால் இடமோ காலிபரேஷனோ சரியில்லை என்று அர்த்தம்.

இதெல்லாம் செய்தாலும் ஆண்ட்ராய்டில் ஒரு பொறி இருக்கிறது. காலிபரேஷன் ஒரு தடவை முடிந்து உறைந்துபோகும் சமாச்சாரம் இல்லை, பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் இரண்டாவது மாடியில் ஒரு இரும்பு அலமாரியைத் தாண்டும்போது அது "ஓகோ, மையம் நகர்ந்துவிட்டதோ" என்று நினைத்துத் தன் கணக்கை மாற்றிக்கொள்ளலாம். அந்த நொடியிலிருந்து எல்லா அளவும் ஒரு படி எகிறிக் குதிக்கும். மேப்பில் பார்த்தால் அங்கே ஏதோ பெரிய இரும்பு இருப்பதுபோலவே தெரியும். இதற்கு மருந்து, காலிபரேட் செய்யாத காந்தப்புலம் என்று ஆண்ட்ராய்டு தனியாகத் தரும் சென்சார். 4.3 பதிப்பிலிருந்து இருக்கிறது. பச்சையான அளவையும், கழிக்க வேண்டியதென்று போன் நினைக்கும் எண்ணையும் தனித்தனியாகத் தரும். இரண்டையும் பதிவு செய்யுங்கள். உங்கள் சர்வே செயலியில் இதற்கு வழியில்லை என்றால் வேறு செயலி தேடுங்கள், அவ்வளவு முக்கியம் இது. காலிபரேஷன் தரம் 0 முதல் 3 வரை என்று போன் சொல்கிறதே, அதில் 3 என்பது மென்பொருளுக்குத் தன் மேல் இருக்கும் நம்பிக்கை மட்டுமே, காந்தம் பக்கத்தில் வந்துபோன பிறகும் சில போன்கள் 3 என்றே சாதிக்கும்.

அடுத்தது கைரோ. அதன் நோய் நகர்வு, அதாவது அசையாமல் வைத்தாலும் சுற்றுவதாகச் சொல்வது. விநாடிக்கு 0.1 டிகிரி என்றால் ஒன்றுமில்லை போலத் தெரியும். ஒரு நிமிடத்தில் 6 டிகிரி. விநாடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் அந்த நிமிடத்தில் 72 மீட்டர் நேராக நடந்திருந்தால், உங்கள் பாதை பக்கவாட்டில் ஏறக்குறைய 3.8 மீட்டர் வளைந்து முடியும். பக்கத்து அறை என்கிறீர்களே, அது இப்படித்தான் வரும். இதற்குச் சிகிச்சை சுலபம். செயலியைத் திறந்து, சென்சார்கள் ஓடும் நிலையில் பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, போன் தன் வழக்கமான சூட்டுக்கு வரட்டும். கைரோவின் நகர்வு சூட்டோடு மாறுவது, குளிரூட்டிய அறையிலிருந்து எடுத்ததும் வெயிலில் நடந்தால் எண் ஓடும். அப்புறம் கல் மேசையிலோ தரையிலோ வைத்து, தொடாமல், மேசையில் சாயாமல் அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு நடையின் தொடக்கத்திலும் முடிவிலும் போனைக் கீழே வைத்துப் பத்து விநாடி அசையாமல் விட்டால், நடுவில் நகர்வு எவ்வளவு மாறியது என்று பிறகு கணக்கிட முடியும். நடைக்கு நடை இந்தப் பத்து விநாடியைத் தவிர்க்கத் தோன்றும், தவிர்க்காதீர்கள்.

கைரோவில் இன்னொரு குறை அளவுகோல் பிழை, அதை யாரும் பார்ப்பதேயில்லை. போனை மேசையில் ஒரு ஸ்கேலின் விளிம்போடு ஒட்டி வைத்து, ஒரே திசையில் பத்து முழுச் சுற்று சுற்றி அதே விளிம்பில் கொண்டுவந்து நிறுத்துங்கள். மொத்தம் 3600 டிகிரி வர வேண்டும். 3564 வந்தால் ஒரு சதவீதம் குறைவு, ஒரு வலது திருப்பத்துக்கு 0.9 டிகிரி. இது பெரிதாகத் தொந்தரவு செய்யாது, ஆனால் வளைவுகள் எல்லாம் ஒரே பக்கமாக இருக்கும் சுற்றுப்பாதைகளில் சேர்ந்துகொண்டே போகும். எதிர்த் திசையிலும் ஒரு முறை செய்தால் நகர்வால் வந்தது எது, அளவுகோலால் வந்தது எது என்று பிரிந்துவிடும்.

ஆக்சிலரோமீட்டருக்கு அதிகம் கவலைப்பட வேண்டாம். அடி எண்ணுவதற்கு அதன் சின்னப் பிழைகள் பொருட்டில்லை. ஆனால் எது கீழ்ப்பக்கம் என்பதை அதுதான் சொல்கிறது, கீழ் எது என்று தவறினால் காந்தப்புலத்தைச் செங்குத்தாகவும் கிடையாகவும் பிரிப்பதும் தவறும். போனை மல்லாக்க வைத்து ஒரு அளவு, குப்புற வைத்து ஒரு அளவு. 9.95, கழித்தல் 9.67 என்று வந்தால் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுங்கள், பிழை 0.14. நான்கு விளிம்புகளுக்கும் இதே மாதிரி. கேமரா மேடு துருத்திக்கொண்டு போன் சரிவாக நிற்கும் என்பதால் மேட்டை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கவிடுங்கள்.

மாடி மாறுவதாகச் சொன்னீர்கள், அதற்குப் பாரோமீட்டர் பக்கம் பார்க்க வேண்டும். எல்லாப் போனிலும் இது கிடையாது, முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். கடல் மட்டத்துக்கு அருகில் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) மாற்றம் என்றால் ஏறக்குறைய 8.4 மீட்டர் உயரம், ஆக ஒரு மாடிக்கு 0.4 அல்லது 0.5 ஹெக்டோபாஸ்கல்தான் கிடைக்கும். அதே நேரத்தில் வானிலையும் அழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறது. வெப்பமண்டலப் பகுதிகளில் வானம் தெளிவாக இருந்தால்கூடக் காலை பத்து மணியளவில் ஏறி மாலை நான்கு மணியளவில் இறங்கும் தினசரி அலை ஒன்று உண்டு, இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் வரை போகும். மூன்று என்றாலே 25 மீட்டர். காலையில் கீழ்த்தளமும் மாலையில் மேல்தளமும் எடுத்து, அழுத்த எண்ணை அப்படியே மாடிக்கு அடையாளமாக வைத்துக்கொண்டால் மாடி மாறாமல் என்ன செய்யும்? போனுக்குப் போன் ஒரு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம் வருவதும் சாதாரணம். அதனால் அழுத்தத்தை ஒப்பீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாரோமீட்டர் உள்ள இன்னொரு போனைக் கீழ்த்தளத்தில் ஓரிடத்தில் வைத்து நாள் முழுக்கப் பதிவு செய்யவிட்டு, நடக்கும் போனின் அளவிலிருந்து அதைக் கழிப்பதுதான் சுத்தமான வழி. சர்வே தொடங்கும் முன் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிரந்தர வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது போன் இல்லையென்றால், ஒவ்வொரு மாடி ஏறும் முன்னும் ஏறிய பின்னும் படிக்கட்டின் அதே படியில் சிறிது நேரம் நின்று குறித்துக்கொள்ளலாம். நீர் புகாத போன்கள் இறுக்கமாக மூடியவை, விரலால் அழுத்திப் பிடித்தாலே உள்ளே அழுத்தம் ஏறுவதை எண்ணில் பார்க்கலாம், ஆகவே லேசாகப் பிடியுங்கள். ஏசி போட்டு அடைத்த கட்டடத்தில் கதவு திறக்கும்போது அழுத்தம் துள்ளும், அது இயல்பு.

இனி வைஃபை. உங்கள் மேப் கெட்டதற்கு முதல் சந்தேகம் எனக்கு இதன்மேல்தான், காந்தம்கூட இரண்டாவதுதான்.

2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், திரையில் திறந்திருக்கும் செயலிகூட இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைதான் வைஃபை ஸ்கேன், அதாவது சுற்றியுள்ள வைஃபைகளின் புதுப் பட்டியல், கேட்க முடியும். பின்னணியில் இருக்கும் செயலிகளுக்கு எல்லாம் சேர்த்து அரை மணிக்கு ஒன்று. விநாடிக்கு ஒரு மீட்டர் நடந்தால், ஒரு ஸ்கேனுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் 30 மீட்டர். இது குறைவான டேட்டா என்ற அளவில் முடிந்தால்கூடச் சரி. ஆனால் புது ஸ்கேன் மறுக்கப்படும்போது, கடைசி முடிவைக் கொடு என்று கேட்கும் செயலிக்குப் போன் பழைய பட்டியலையே திரும்பக் கொடுக்கும். திரும்பக் கிடைத்தது பழசு என்று கவனிக்காத செயலி, இருபது மீட்டர் பின்னால் எடுத்த சிக்னலை நீங்கள் இப்போது நிற்கும் இடத்தின் மேல் ஒட்டிவிடும். ஒரு திசையில் நடந்தால் எல்லா அடையாளமும் அந்தத் திசையில் முன்னால் இழுபடும், திரும்பி வந்தால் எதிர்ப்பக்கம் இழுபடும். பிறகு புள்ளி பக்கத்து அறையில் நிற்பதில் ஆச்சரியம் என்ன?

ஆண்ட்ராய்டு 10-லிருந்து இதை அணைக்க வழி இருக்கிறது. அமைப்புகளில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறந்து, நெட்வொர்க் பகுதியில் வைஃபை ஸ்கேன் த்ராட்லிங் (இந்தக் கட்டுப்பாட்டின் பெயர்) என்பதை அணையுங்கள். ஆண்ட்ராய்டு 9 போன் என்றால் அங்கே இந்த வசதி இல்லை, சர்வேக்கு அந்தப் போனை எடுக்காதீர்கள். அணைத்த பிறகும் சோதனை உண்டு: ஸ்கேன் முடிவில் ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் (வைஃபை தரும் கருவி) அது கடைசியாகக் காதில் விழுந்த நேரம் தனியாக வரும், போன் இயங்கத் தொடங்கியதிலிருந்து மைக்ரோவிநாடிக் கணக்கில். அந்த நேரம் ஒவ்வொரு பதிவிலும் முன்னேறுகிறதா என்று பாருங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் பழைய பட்டியல்தான் வருகிறது.

த்ராட்லிங் இல்லாமலேயே ஒரு முழு ஸ்கேனுக்குச் சில விநாடி ஆகும். 5 கிகாஹெர்ட்ஸில் ரேடாருக்காக ஒதுக்கிய சேனல்களில் போன் தானாகக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது, ஆக்சஸ் பாயின்ட் தன் பெயரைச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும், வழக்கமாக அது 102.4 மில்லிவிநாடிக்கு ஒரு முறை. அப்படிப் பல சேனல்கள் சேர்ந்தால் நேரம் இழுக்கும். அதனால் மெதுவாக நடங்கள், முக்கியமான சந்திப்புகளில் நின்று இரண்டு மூன்று ஸ்கேன் முடியும்வரை பொறுங்கள். சர்வே போனை எந்த நெட்வொர்க்கிலும் இணைக்காதீர்கள், டேட்டாவும் வேண்டாம், ஏரோப்ளேன் மோடில் போட்டு வைஃபையையும் ப்ளூடூத்தையும் மட்டும் மறுபடி இயக்குங்கள். லொகேஷன் சேவை இயங்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கேன் பட்டியலே காலியாக வரும். ப்ளூடூத் இயர்போன், வாட்ச் எதுவும் இணைந்திருக்கக் கூடாது, 2.4 கிகாஹெர்ட்ஸ் நேரத்தை அவையும் பங்கு கேட்கும். கூட வருபவரின் பாக்கெட்டில் ஹாட்ஸ்பாட் ஓடிக்கொண்டிருந்தால், உங்கள் மேப்பில் எல்லா அறையிலும் பலமாகத் தெரியும் ஒரு நடமாடும் ஆக்சஸ் பாயின்ட் பதிந்திருக்கும்.

உங்கள் உடம்பும் ஒரு பிரச்சினை. உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நன்றாகவே விழுங்கும். ஆக்சஸ் பாயின்ட்டுக்கு முதுகைக் காட்டி நின்றால் 5 முதல் 10 டெசிபல்வரை குறையலாம், திறந்த வெளியில் 6 டெசிபல் என்பது தூரம் இரட்டிப்பானதற்குச் சமம். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை, ஓரிடத்தில் கிடைக்கும் சிக்னல்களையே அந்த இடத்தின் கைரேகையாகக் கொள்ளும் இந்த வைஃபை ஃபிங்கர்பிரின்ட் முறைக்கே முன்னோடியான மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் குழுவின் ராடார் அமைப்பில், 2000-லேயே ஒவ்வொரு இடத்திலும் நான்கு திசையும் பார்த்து நின்றுதான் அளவெடுத்தார்கள். நாம் குறைந்தபட்சம் ஒவ்வொரு வராந்தாவையும் போகும்போதும் வரும்போதும் என இரண்டு திசையில் நடக்க வேண்டும். பல போன்களில் சர்வே நடந்தால், ஒரே மேசையில் எல்லாவற்றையும் ஒரே திசையில் வைத்து ஐந்து நிமிடம் ஸ்கேன் செய்து, ஒன்றுக்கொன்று எத்தனை டெசிபல் வித்தியாசம் என்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ளூடூத் பீக்கன்களும் (தங்கள் அடையாளத்தை அறிவித்துக்கொண்டே இருக்கும் சின்னக் கருவிகள்) கட்டடத்தில் இருந்தால், செயலி எந்த ஸ்கேன் முறையில் கேட்கிறது என்று பாருங்கள். மின்சக்தி மிச்சம் பிடிக்கும் முறையில் பத்தில் ஒரு பங்கு நேரம்தான் போன் காது கொடுக்கும், சர்வேக்குத் தாமதமில்லா முறைதான் வேண்டும். அடிக்கடி நிறுத்தித் தொடங்கவும் கூடாது, 30 விநாடிக்குள் ஐந்து முறைக்கு மேல் தொடங்கினால் ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் முடிவுகளை நிறுத்திவிடும்.

சிஸ்டம் அமைப்புகளில் மீதி: பேட்டரி சேவர் அணைந்திருக்க வேண்டும், சர்வே செயலிக்குப் பேட்டரிக் கட்டுப்பாடு இருக்கக் கூடாது, திரை அணையக் கூடாது. ஆண்ட்ராய்டு 9 முதல் பின்னணிக்குப் போன செயலிக்கு ஆக்சிலரோமீட்டர், கைரோ அளவுகள் வராது, ஒரு அழைப்பு வந்து திரையை மறைத்தாலே இடைவெளி விழலாம். ஐந்து நிமிடம் பதிவு செய்து நேரக் குறிகளுக்கிடையே உள்ள இடைவெளியைப் பாருங்கள், விநாடிக்கு 100 கேட்டால் ஒவ்வொன்றும் 10 மில்லிவிநாடி அருகில் இருக்க வேண்டும், நடுவில் எங்காவது அரை விநாடி ஓட்டை இருந்தால் காரணம் தேடுங்கள். எல்லாச் சென்சாரும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும் என்பதும் முக்கியம். போன் இயங்கத் தொடங்கியதிலிருந்து எண்ணும் கடிகாரம்தான் சரி, சுவர்க் கடிகார நேரம் நடுவில் நெட்வொர்க்கால் திருத்தப்பட்டுக் குதிக்கும்.

ஐபோனில் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மற்றவர்கள் எழுதும் செயலி சுற்றியுள்ள வைஃபை பட்டியலை ஸ்கேன் செய்ய ஆப்பிள் அனுமதிப்பதில்லை, ஆக வைஃபை சர்வே என்றால் ஆண்ட்ராய்டுதான். காந்தம், கைரோ, பாரோமீட்டர், பீக்கன் வேலைக்கு ஐபோன் நன்றாகவே போதும்.

எல்லாம் முடிந்ததும் கட்டடத்தில் இறங்கும் முன் ஒரு சின்னச் சுற்று. ஒரு வராந்தாவின் முனையில் தரையில் டேப் ஒட்டி, அங்கிருந்து கிளம்பிச் செவ்வகமாகச் சுற்றி அதே டேப்பில் வந்து நில்லுங்கள். போன் மார்பு உயரத்தில், தரைக்குச் சமமாக, மேல்முனை நடக்கும் திசையில். சர்வே முழுக்க இதே பிடிதான், நடுவில் காதுக்கோ பாக்கெட்டுக்கோ போகக் கூடாது. பாதை மூடுகிறதா, தொடக்கத்திலும் முடிவிலும் அதே டேப்பின் மேல் காந்த அளவு ஒன்றிரண்டு மைக்ரோடெஸ்லாவுக்குள் ஒத்துப்போகிறதா, அழுத்தம் ஒத்துப்போகிறதா, வைஃபை பட்டியல் ஏறக்குறைய அதேதானா என்று பாருங்கள். எதிர்த் திசையிலும் ஒரு சுற்று. ஒத்துப்போகவில்லை என்றால் எந்தச் சென்சார் என்று அங்கேயே தெரிந்துவிடும். நாளில் இரண்டு மூன்று முறை அந்த டேப்பில் வந்து நின்று ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், எந்த நேரத்துக்குப் பிறகு கெட்டது என்று பிடிக்க அது உதவும்.

ஏற்கெனவே எடுத்த டேட்டாவைத் தூக்கிப் போட வேண்டுமா? பதிவில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வைஃபை முடிவுகளில் காதில் விழுந்த நேரம் இருந்தால், பழைய பட்டியல்களை வடிகட்டிவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம், எத்தனை மிச்சமாகிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காலிபரேட் செய்யாத காந்த அளவு பதிவாகியிருந்தால் இப்போது அதே போனை, அதே கவர் இருந்தால் அதோடு, வெளியே கொண்டுபோய்ச் சுழற்றிப் புது மையம் கண்டுபிடித்துப் பழைய டேட்டாவில் கழித்துப் பார்க்கலாம், நடுவில் எதுவும் காந்தமாகாமல் இருந்திருந்தால் பொருந்தும். நடையின் தொடக்கத்தில் தற்செயலாகவாவது சில விநாடி அசையாமல் நின்றிருந்தால் கைரோவையும் திருத்தலாம். சிஸ்டம் தானாகக் கழித்துக் கொடுத்த காந்த அளவு மட்டும்தான் இருக்கிறது என்றால், காந்த மேப்பை மறுபடி நடந்து எடுப்பதைத் தவிர வழியில்லை. மாடிகளை மட்டும் ஒரே வேளையில், ஒன்றன்பின் ஒன்றாக எடுங்கள்.